ராசிக் கைக்கு ஒரு பாலிசி

புதுக் காப்பீட்டு முகவராகத் தோள்பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கப் போகிறீர்கள். முதல் நாளே உங்களிடம் கேட்கப்படும் கேள்வி என்னவென்று எனக்கு இப்போதே தெரியும். "நான் என்ன கம்பெனியிலயா வேலை பாக்கேன்? சொந்தமாத் தொழில் பண்ணுதேன். எனக்கு எதுக்கு விபத்து இன்சூரன்ஸு?" தூத்துக்குடியில் காப்பீட்டு முகவராக இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. வெல்டர் கேட்டார், டெம்போ ஓட்டுபவர் கேட்டார், மக்ரூன் போடுகிறவர் மாவுக் கையோடு கேட்டார். ஆழ்வார்திருநகரியில் வாழைத்தார் வியாபாரம் செய்கிற என் கூடப்பிறந்த தம்பியே கேட்டான். அவனை மட்டும் கொஞ்சம் திட்டினேன்.

நான் சொல்லும் பதில் ஒன்றுதான். கம்பெனியில் வேலை பார்க்கிறவருக்குக் கால் ஒடிந்தால் லீவு கேட்க ஒரு மேலாளர் இருப்பார். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது கொடுப்பார். சொந்தத் தொழில்காரருக்கு லீவு கொடுக்க ஆள் கிடையாது. முதலாளியும் அவர்தான், தொழிலாளியும் அவர்தான். தொழிலாளி படுத்தால் முதலாளி வீட்டிலும் அடுப்பு எரியாது. விபத்துக் காப்பீட்டில் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற தொகை இருக்கிறதே, அதுதான் அவருக்கான சம்பளத்தோடு கூடிய லீவு.

அதற்காக எதிரே வருகிற எல்லாரிடமும் விற்றுவிடாதீர்கள். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. "நீங்க ஒரு மாசம் படுத்துக்கிட்டா தொழில் நடக்குமா?" என்று கேளுங்கள். வீட்டு வாடகை வருகிறது, கடையை மகன் பார்த்துக்கொள்வான் என்பவருக்கு இந்த வாரத் தொகை அவ்வளவு அவசியமில்லை. நடக்காது என்பவரை மட்டும் விடாதீர்கள். அவர் எரிந்து விழுந்தாலும் மறுபடி போங்கள். காய்ச்சல், மஞ்சள்காமாலைக்கெல்லாம் இதில் பணம் வராது என்பதையும், வாரக் கணக்கு என்றாலும் எங்கள் கம்பெனியில் பணம் கைக்கு வந்தது குணமான பிறகுதான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து விற்றால், பிறகு அந்தத் தெருப் பக்கம் தலைகாட்ட முடியாது.

இந்த இரண்டு வகையிலும் சேராத ஓர் ஆளும் உண்டு. தொழில் நடக்கும் என்றும் சொல்ல மாட்டார், நடக்காது என்றும் சொல்ல மாட்டார். "எனக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்பார். அப்படி ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

சூசை ஓர் ஓடாவி. படகு கட்டுகிற தச்சரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நல்ல வேலைக்காரர். ஆனால் அவர் பெயர் கடற்கரை முழுக்கப் பரவியது வேலையால் அல்ல, ராசியால். புதுப் படகு கட்ட முதலில் அடிமரத்தைக் கிடத்துவார்கள். ஏரா என்பார்கள். அந்த ஏராவில் முதல் ஆணியைச் சூசை அடித்தால் படகு வெறும் வலையோடு திரும்பாது என்று ஒரு நம்பிக்கை. கட்டுகிற ஓடாவி வேறு ஆளாக இருந்தாலும் முதல் ஆணிக்குச் சூசையைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், 'கை வைப்பது'. போலீஸ்காரர் கை வைப்பது வேறு, சூசை கை வைப்பது வேறு.

இந்த ஆளிடம் போய் நான் விபத்துக் காப்பீடு பற்றிப் பேசினேன். வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"யக்கா, இந்தக் கைய நம்பித்தான் அம்புட்டுப் படகும் கடல்ல கெடக்கு. இதுக்குப் போயி இன்சூரன்ஸா? கேட்டா ஊரே சிரிக்கும்லா."

அவருடைய மனைவி செல்வமேரி கருவாட்டு வியாபாரம் செய்பவர். கூடையில் கருவாட்டை அடுக்கியபடியே தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"அவிய கைக்கு ராசி இருக்குக்கா. ஆனா எங்க வீட்டுக்கு அவிய கை மட்டுந்தான் இருக்கு. நீங்க எழுதுங்க, நான் ஒப்பம் போட வைக்கேன்."

போட வைத்தார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். உங்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ராசி பார்க்கிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். உங்களைவிட அவருக்கு அவர் தொழில் தெரியும். அவரோடு வழக்காடுவதை விட்டுவிட்டு, அந்த வீட்டில் அரிசி வாங்குகிறவர் யார் என்று பார்த்து அவரிடம் பேசுங்கள்.

பாலிசி எடுத்த அடுத்த வருடம் அது நடந்தது. படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த சாரத்தில் பலகை நழுவி, சூசை கீழே விழுந்தார். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரிக்கும்வரை எந்த வேலையும் செய்யக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நான் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, ஆக வேண்டியதைச் செய்தேன். சூசையிடம் தெளிவாகவே சொன்னேன், கட்டோடு வேலைக்குப் போகக் கூடாது, போனால் வாரத் தொகை கிடைக்காது என்று. "இந்தக் கைய வச்சிக்கிட்டு எங்கிட்டு வேலைக்குப் போவ?" என்று அவர் சிரித்தார். பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அவர் வேலைக்குப் போகவே இல்லை.

போனது கை வைக்க.

சூசைக்குத் தெரிந்த லூர்துராஜ் என்பவர் கடன் வாங்கிப் புது விசைப்படகு கட்டத் தொடங்கியிருந்தார். ஏரா வைக்க நாள் குறித்தாகிவிட்டது. சூசையின் கை குணமாகும்வரை பொறுக்க அவருக்கு மனமில்லை. வந்து ஆணியை மட்டும் தொட்டுக் கொடுத்தால் போதும் என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே எடுத்த ஒரு படத்தை, மாலையும் கழுத்துமாகச் சூசை சுத்தியலை ஓங்கி நிற்கும் படத்தை, லூர்துராஜ் பெருமையோடு தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். 'எங்கள் படகுக்குச் சூசை ஓடாவி கை வைத்தபோது' என்று கீழே எழுதியிருந்தார். போர்த்திய நேரியல் தோளிலிருந்து இறங்கி மாவுக்கட்டை முழுக்க மறைத்திருந்தது. அந்தப் படம் யார் யார் போனுக்கெல்லாமோ போய், கடைசியில் எங்கள் கம்பெனிக்கும் போய்ச் சேர்ந்தது.

விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். மரியாதையான மனிதர், விசாரணை முடியும்வரை டீ கூடக் குடிக்க மாட்டார். என் கண் முன்னால்தான் சூசையிடம் போனை நீட்டினார்.

"இது நீங்கதானுங்களா?"

சூசைக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பின்னே? நாந்தான் கை வச்சேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். "வலது கையாலயேங்களா?"

"நல்ல காரியத்துக்குப் பீச்சாங்கையவா நீட்ட முடியும்? வலது கையாலதான்."

அதையும் எழுதிக்கொண்டார். "இதுக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"குடுக்காம? வேட்டி, நேரியல், வெத்தலத் தட்டுல பணம், எல்லாம் முறையாச் செஞ்சாரு."

ஒவ்வொரு பதிலும் சத்தியம், ஒவ்வொரு பதிலும் அவர் தலையில் அவரே போட்டுக்கொண்ட கல். நடுவில் புகுந்து, "சார், கை வைக்கிறதுன்னா இங்க அர்த்தம் வேற" என்றேன்.

"மேடம், நான் கேக்கறது அவரைங்க" என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை. "எக்ஸ்ரேயில சந்தேகமே இல்லைங்க, எலும்பு ஒடிஞ்சது நிஜம். அதுக்கப்புறம் வேலைக்குப் போயிட்டாரா இல்லையா, அதுதான் கேள்வி. அவரே வலது கையில வேலை செஞ்சேன், கூலி வாங்கினேன்னு சொல்றாருங்க. நாளைக்குக் காலையில வர்றேன். சேர்த்துச் சொல்ல ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க. இல்லைன்னா இதுலயே கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுவேன்."

அப்போதுதான் சூசைக்கு உறைத்தது. "கூலியா? எவன் கூலி வாங்குனான்? அது மரியாத!" என்று எழுந்து நின்றார். அதிகாரி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டுக்கு எதெல்லாம் பறிபோக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வாரத் தொகை கிடைக்காமல் போகும் என்பது ஒன்று. பொய் சொல்லிப் பணம் கேட்டவர் என்று பெயர் விழும் என்பது மற்றொன்று. அந்தத் தெருவில் என்னிடம் பாலிசி எடுத்திருந்த வெல்டர்களும் வின்ச் மெக்கானிக்குகளும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூசைக்கே கிடைக்கவில்லை என்றால் யாருக்குக் கிடைக்கும் என்று கேட்பார்கள்.

நேரே படகு கட்டும் இடத்துக்குப் போனேன். சூசையும் செல்வமேரியும் கூடவே வந்தார்கள். லூர்துராஜ் விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"இதுக்கு ஏம்க்கா மெனக்கெடுதிய? அது போன வருசம் வேற படகுக்கு எடுத்த போட்டோன்னு சொல்லிருவோம். நான் எழுதித் தாரேன். நாலு பேரு சாட்சி சொல்லுவாவ."

அங்கே நின்ற எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"மாட்டேன்" என்றேன். "ஸ்டேட்டஸ்ல நீங்க போட்ட தேதி எத்தனை போன்ல இருக்கோ? பொய்னு தெரிஞ்சா சூசைக்கு மட்டுமா போகும்? இந்தத் தெருவுல நாளைக்கு எவன் கை ஒடிஞ்சாலும் ஒடிஞ்சது நெசமான்னு கேப்பாங்க."

இந்த இடத்தில் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். உண்மையான காப்பீட்டுக் கோரிக்கையைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் போதும் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்லவர்கள்தான் சொல்வார்கள், அன்பால் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். பொய் சேர்ந்த பிறகு உண்மைக்கும் மதிப்பில்லை. உண்மை இன்னும் கொஞ்சம் எங்காவது பாக்கி இருக்கிறதா என்று தேடுங்கள்.

நான் தேடினேன். "வீடியோ எடுக்கலியா? இத்தனை பேர் நின்னிருக்கீங்க, ஒருத்தர்கூடவா எடுக்கல?" என்று கேட்டேன்.

லூர்துராஜ் கடலைப் பார்த்தார். சூசை மாவுக்கட்டைத் தடவினார். "இல்லக்கா, எடுக்கல" என்றார் லூர்துராஜ். எடுக்காதவர் அப்படிச் சொல்ல மாட்டார். சரி என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கருவாடு காயப்போடும் இடத்துக்கு அருகே செல்வமேரி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வீடியோ இருக்குக்கா. ஆணி வளைஞ்சிட்டு."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. சுத்தியலைப் பிடிக்கவே சூசையின் விரல்களுக்குத் தெம்பில்லை. இடது கையை நீட்டினால் அபசகுனம். அதனால் லூர்துராஜ் நேரியல் மறைவில் சுத்தியல் காம்பை அடியில் தாங்கிக்கொள்ள, சூசை வலது கையால் ஒரே ஓர் அடி அடித்தார். அது கோணலாக விழுந்து ஆணி மடங்கிவிட்டது. வலியில் சூசை அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கத் திரும்பியிருந்தார், கூட்டம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. லூர்துராஜ் சட்டென்று அந்த ஆணியைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு, வேறோர் ஆணியைத் தானே அடித்து இறக்கிவிட்டார். பார்த்தது லூர்துராஜ், அவர் மைத்துனர், சூசை, செல்வமேரி ஆகிய நான்கு பேர்தான். மைத்துனர் போனில் மட்டும் எல்லாம் பதிவாகியிருந்தது.

வேலை செய்ய முடியாத கை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தச் சாட்சியை வெளியே எடுத்தால் சூசையின் ராசி போச்சு. முதல் ஆணி மடங்கிய படகில் ஆட்கள் ஏற யோசிப்பார்கள், லூர்துராஜ் வாங்கிய கடன் அவர் கழுத்தில் ஏறும். இதை மறைக்கத்தான் அவர் பொய்ச்சாட்சிக்கு அவ்வளவு துடித்தார். பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

செல்வமேரி சொல்லிவிட்டார் என்பதற்காக நானே நேராக அதிகாரியிடம் போயிருக்கலாம். போகவில்லை. அது என் ரகசியம் இல்லை. நமக்குத் தெரிந்த எல்லாமும் நாம் சொல்லிவிடக் கூடியவை அல்ல. யாருடைய கை பற்றிய பேச்சோ, அவர் வாயால்தான் அது வர வேண்டும். சூசை வீட்டுக்குத் திரும்பிப் போய் அவரிடம் நேருக்கு நேர் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்த பார்வையில் வீடே பற்றிக்கொள்ளும் போலிருந்தது.

"ஏளா, ஒன் வாயில என்ன வச்சித் தைக்க?" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "யக்கா, பொய் சொன்னவன்னு சொன்னா சொல்லிட்டுப் போறாவ. இன்சூரன்ஸுப் பணமும் வேண்டாம். ராசி கெட்டவன்னு பேரு வாங்க மாட்டேன். நாளைக்கு இந்தக் கை சரியாவும்லா? அப்பம் எவன் என்னைய ஏராவுக்குக் கூப்பிடுவான்?"

அவர் சொல்வதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. அந்தப் பெயர்தான் அவருடைய மூலதனம், நாம் காப்பீடு செய்ய முடியாத மூலதனம். அவர் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தேன். பிறகுதான் எனக்கு ஒன்று தோன்றியது. தோன்றியதும் மறுபடி கோபம்தான் வந்தது.

"சூசை, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு நீங்க வாய மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டா, கம்பெனி என்ன எழுதும்? இவர் கை அன்னைக்கு நல்லா இருந்தது, வேலை செஞ்சார்னு எழுதும். நல்லா இருந்த கை அடிச்ச ஆணி ஏன் வளைஞ்சது?"

சூசை மாவுக்கட்டைக் குனிந்து பார்த்தார்.

"எத்தன நாளைக்கு நாலு பேர் வாய்க்குள்ள நிக்கும்? லூர்துராஜ் மச்சினன் ஒருநாள் தண்ணியப் போட்டா ஊருக்கே தெரியும். அன்னைக்கு எல்லாரும் என்ன சொல்லுவாங்க? கை நல்லாத்தான் இருந்திச்சு, கம்பெனியே எழுதியிருக்கு, ராசிதான் போச்சுன்னு சொல்லுவாங்க."

மிச்சத்தைச் செல்வமேரி சொன்னார். அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் குரல் அழவில்லை.

"ஒடிஞ்ச கை அடிச்சா ஆணி வளையத்தான் செய்யும். அதுல ராசிக்கு என்ன வந்திச்சு? கை ஒடிஞ்சிருந்திச்சின்னு அந்தக் கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தாம்னா, அதான் உங்க ராசிக்குக் காவலு. இது ஏன் உங்களுக்கு வெளங்க மாட்டேங்கு?"

சூசை எழுந்து சட்டையை ஒரு பக்கத் தோளில் போட்டுக்கொண்டார். "படகு அவனுக்குள்ளது. அவன்ட்ட கேக்காமச் சொல்லப் பிடாது" என்று கிளம்பினார். நாங்களும் பின்னால் போனோம்.

லூர்துராஜ் முதலில் என்னைத்தான் வறுத்தெடுத்தார். படகில் ஆள் ஏறுவானா, கடனை நீங்களா கட்டுவீர்கள், உங்களை யார் இந்தப் பக்கம் வரச் சொன்னது என்று எல்லாம் கேட்டார். நானும் பதிலுக்குப் பேச வாயெடுத்தேன். சூசைதான் என்னைத் தடுத்து, அவர் முன்னால் போய் நின்றார்.

"ஏலே, நீ கூப்ட்ட, நான் வந்தேன். என் கை ஒடிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிதான கூப்ட்ட? இப்பம் நான் கூப்பிடுதேன். நீ வா."

லூர்துராஜ் மைத்துனரைக் கூப்பிட்டுப் போனை வாங்கித் தந்தார்.

மறுநாள் காலை அதிகாரியைப் படகு கட்டும் இடத்துக்கே வரச் சொன்னோம். சூசை தானே எல்லாவற்றையும் சொன்னார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. மறைக்க வேண்டியது எதுவும் இல்லாதவர் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். வேட்டி, நேரியல், தட்டில் வைத்த பணம், எதையும் விடவில்லை. விட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வீடியோவைப் பார்த்தார். குலவைச் சத்தம் கேட்டது. சுத்தியலின் அடியில் லூர்துராஜின் கை தெரிந்தது. அடி விழுந்தது. சூசை மணலில் சரிந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். ஒரு கை வந்து திரையை மூடிக்கொண்டது. அதிகாரி இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சூசையைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரொம்ப வலிச்சுதுங்களா?"

"உயிரு போயிட்டு சார்" என்றார் சூசை. ஏரா வைத்த நாளிலிருந்து அவர் அடக்கிவைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. பெரிய ஆள், எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லூர்துராஜ் மடங்கிய ஆணியைக் கொண்டுவந்து அதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார். அதிகாரி அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய வாக்குமூலத்துக்குக் கீழே தானே விளக்கம் எழுதினார். கை வைத்தல் என்பது இங்கே தொடக்கச் சடங்கு என்று எழுதினார். கொடுத்தது கூலி அல்ல, மரியாதை என்று எழுதி, எழுதியதைச் சூசைக்குப் படித்தும் காட்டினார். அதன் பிறகு டீ வாங்கிக் குடித்தார்.

கோரிக்கை ஏற்கப்பட்டது. கட்டுப் பிரித்துக் கை தேறிய பிறகு பணம் வந்தது. ஏற்றுக்கொண்டு கம்பெனி அனுப்பிய கடிதத்தைச் செல்வமேரி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "படிச்சிப் பாருங்க, கை ஒடிஞ்சிருந்திச்சின்னு போட்டிருக்கான்" என்று எடுத்துக் காட்டினார். எல்லாம் சுகமாக முடிந்தது என்று கதை விட மாட்டேன். லூர்துராஜின் படகில் ஏற மாட்டேன் என்று ஒருவர் விலகிப் போனார். கடற்கரையில் கொஞ்ச காலம் முணுமுணுப்பும் இருந்தது. மற்றவர்கள் ஏறினார்கள்.

அந்த விஷயத்துக்குப் பிறகு நான் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். கோரிக்கை நடக்கும்போது 'வேலைக்குப் போகாதீர்கள்' என்று மட்டும் சொல்வதில்லை. தையல்காரரிடம், முகூர்த்தப் புடவைக்கு முதல் வெட்டு வெட்டிக் கொடுக்கப் போகாதீர்கள் என்பேன். கடைக்காரரிடம், போணி பண்ண மட்டும் கல்லாவில் உட்காராதீர்கள் என்பேன். சொந்தத் தொழில்காரர்கள் இதையெல்லாம் வேலை என்று நினைப்பதே இல்லை. நீங்களும் அவரவர் தொழிலில் 'கை வைப்பது' எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைப் பெயர் சொல்லித் தடுங்கள்.

படகைக் கடலில் இறக்கிய அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இறக்குவதற்கு முன் சூசை அந்த மடங்கிய ஆணியை லூர்துராஜிடமிருந்து கேட்டு வாங்கினார். இரும்பில் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். படகுக்கு அடியில் குனிந்துபோய், ஏராவில் ஏற்கெனவே இருந்த ஆணிக்குப் பக்கத்திலேயே வலது கையால் அதை அடித்து இறக்கினார். கோணாமல் இறங்கியது. செல்வமேரிதான் முதலில் குலவையிட்டார்.

கூட்டத்தில் அந்தத் தெரு வெல்டர் ஒருவர் நின்றிருந்தார். நான் எத்தனையோ முறை நடந்தும் பாலிசி எடுக்காத ஆள். சூசையைச் சீண்டிப் பார்க்கிற குரலில் கேட்டார்.

"ஓடாவி, அதான் ராசி திரும்பிட்டுல்லா? இனியும் எதுக்கு இன்சூரன்ஸு கட்டுதிய?"

சூசை கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"ராசியெல்லாம் கைக்குத்தாம்ல. எலும்புக்குக் கெடையாது."

வெல்டர் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். பிறகு திரும்பி என்னைத் தேடினார்.